காற்றுக்கு எதற்குக் கையெழுத்து

துறைமுகக் கோபுரத்தில் கொடி ஏற்றுகிறவளை எல்லோரும் கொடியக்கா என்றே கூப்பிட்டார்கள். துறைமுக வாயில் முழுக்கப் பாறைக்காடு. காற்று கரையை நோக்கி வீசினால்தான் பாய்மரப் படகுகள் உள்ளே வர முடியும். வெள்ளைக் கொடி ஏறினால் வரலாம்; சிவப்பு என்றால் வெளியே நிற்க வேண்டியதுதான். பத்தொன்பது வருடமாக அந்தக் கயிறு அவள் கையில்.

அப்படிக் கரையை நோக்கி வீசும் காற்றுக்கு லத்தீனில் ஒரு சொல் உண்டு என்று பாதிரியார் ஒருமுறை சொல்லியிருந்தார்: ஒப்போர்த்தூனுஸ். ‘துறைமுகத்தை நோக்கி’ என்பது அதன் வேராம். முதலில் படகைக் கரைசேர்க்கும் காற்றுக்குச் சொன்னார்களாம். போகப் போக, ஏற்ற வேளையில் வருகிற எதற்கும் சொன்னார்களாம். சொல் அவள் வாயில் நுழையவில்லை. பொருள் மட்டும் நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. காற்றை அனுப்புகிறவர் கடவுள். அவர் கடிகாரம் பார்த்து அனுப்புவதில்லை.

புதிதாக வந்த அதிகாரியோ, மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும்போது மட்டுமே கொடி மாற வேண்டும், அதுவும் தன் கையெழுத்தோடு என்று சட்டம் போட்டார்.

அன்று வெளியே பதினொரு படகுகள்; ஒன்றில் அவள் தம்பி. அலை ஏறிக்கொண்டே வந்தது. நாலு இருபதுக்குக் காற்று கரைப்பக்கம் திரும்பியது. கீழே ஓடிக் கையெழுத்து கேட்டாள். அவர் தலை நிமிராமலே, ஐந்து மணிக்கு வரச் சொன்னார். கொடியக்கா மூச்சிரைக்க மேலேறி வெள்ளையை ஏற்றினாள். பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன.

அதிகாரி அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“யாரைக் கேட்டு ஏத்துனீங்க?”

“காத்தைக் கேட்டு, சார்.”

“உங்க தம்பி வெளியில நின்னாரு. அதானே இந்த அவசரம்?”

“பதினொரு படகுலயும் யாரோட தம்பியாவது இருந்தான், சார்.”

அவர் ஒரு தாளைத் தள்ளினார். வேளை கெட்ட வேளையில் கொடி ஏற்றியதற்கு மன்னிப்பு எழுத வேண்டும், இல்லையேல் கோபுரச் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அவள் கண்மூடி ஒரு நொடி ஜெபித்தாள். பிறகு, அஞ்சாம் வகுப்புப் படித்த கையால் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள்:

‘காற்று நாலு இருபதுக்குத் திரும்பியது. கொடி நாலு இருபத்தேழுக்கு ஏறியது. உங்களிடம் கேட்க வந்ததில் ஏழு நிமிடம் தாமதம். அதற்கு மன்னிக்கவும்.’

“மேலிடத்துக்கு அனுப்புங்க, சார்” என்று சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் படியேறினாள்.