ஜெயம்மா வீட்டுக் காவிக்கோடு

ஜெயம்மா கோபக்காரி. திருப்பதியில் பஸ்கள் திரும்புகிற எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருந்தாள். பக்கத்துக் கடை என்னுடையது, சைக்கிள் ரிப்பேர். மலைக்குப் போகிற கூட்டம், ஜட்கா, மாட்டுவண்டி, மெட்ராஸ் பஸ் எல்லாம் அந்த முனையில் வந்து முட்டிக்கொள்ளும். டிரைவர்கள் ஹாரனை விட வாயைத்தான் அதிகம் உபயோகிப்பார்கள். ஜெயம்மா வெளியே வந்து நாலு வார்த்தை விட்டால்தான் அந்த வாய்கள் மூடும்.

சொந்த ஊர் நகரிக்குப் பக்கம். புருஷன் போன பிறகு தனியாக இட்லி விற்றே அந்த வீட்டை வாங்கினாள். முன்னறைதான் கடை, அடுப்பும் பெஞ்சும் அங்கே. பின்னால் படுக்க ஓர் அறை, அவ்வளவுதான் வீடு. அறுபதாம் வருஷம் ஸ்டேட் எல்லையைப் பிரித்தபோது, திருத்தணிப் பக்கம் வாக்கப்பட்ட அவள் அக்கா மெட்ராஸ்காரி ஆகிவிட்டாள்.

"எவனோ மேசை மேல கோடு போட்டான், எங்க அக்கா வேற ஸ்டேட்டுக்குப் பூட்டா. ஒக்காந்த எடத்த வுட்டு எழுந்திருக்கக்கூட இல்ல" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லித் தீர்ப்பாள்.

அதே வருஷம் எங்கள் தெருவுக்கும் கோடு வந்தது. ஊர் வளர்கிறது, ஊர் முழுவதற்கும் பெரிய திட்டம் போடுகிறோம் என்று ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அவருடைய ஆட்கள் எங்கள் வரிசையின் வாசல் தூண்களில் சிவப்புக் கோடு இழுத்தார்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் போகும். எங்கள் எல்லோருக்கும் வாசல் பந்தல் மட்டும்தான் போவதாக இருந்தது. பந்தல்தானே, தொலையட்டும் என்று விட்டோம்.

புரட்டாசி பிறந்தது. பெருமாள் மாசத்தில் சுவருக்கு வெள்ளையடித்துக் காவிப்பட்டை இழுக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. ஜெயம்மா வாசல் தூணையும் விடவில்லை. அதிகாரி ஆட்கள் போட்ட கோட்டின் மேலேயே சுண்ணாம்பை அப்பினாள். கடைக்குள்ளே பின்சுவரில், பெருமாள் படத்துக்குக் கீழே, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அகலமாகச் செங்காவி இழுத்தாள்.

"அக்கா, அவங்க போட்ட கோட்ட அழிச்சிட்டியே?" என்றேன்.

"பெருமாள் மாசத்துல தூணு அழுக்கா நிக்கணுமா? இடிக்க வந்தா வாயால சொல்லிக்கிறேன், போடா."

சொல்ல வாய் இருந்தது, ஆள்தான் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மலையேறப் போய்விட்டாள். நானும் ஏர்பேட்டுக்கு ஒரு சைக்கிளைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தேன். என் பந்தல் போயிருந்தது, அது தெரிந்ததுதான். ஆனால் ஜெயம்மாவின் முன்னறையே இல்லை! ஓடு, தூண், அடுப்பு எல்லாம் ஒரே மண்மேடு. கடையின் பின்சுவர் மட்டும், படுக்கிற அறையை மறைத்துக்கொண்டு, காவிப்பட்டையோடு தெருவைப் பார்த்து நின்றது.

"யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிக்கிறே?" என்று இடிக்க வந்த மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தேன்.

"செவப்புக் கோடு வரிக்கும் இடிக்கச் சொன்னாங்க. வெளியே தேடுனேன், காணோம். கடைப் பலகைய கழட்டுனா உள்ள இருந்துச்சு" என்றான் அவன், தெலுங்கும் தமிழுமாக. "இவ்ளோ பெரிய கோடு வேற எந்த வூட்லயும் இல்லியே சாமி!"

அவனை அடிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ஜெயம்மா கோவிந்தா சொல்லிக்கொண்டே வந்தாள். பார்த்தாள். தெருவே கிடுகிடுக்கக் கத்தப் போகிறாள் என்று காத்திருந்தோம். "டேய், என் அடுப்பு எங்கடா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு மண்மேட்டின் மேல் உட்கார்ந்தாள். 

திங்கட்கிழமை, மண்ணை அள்ளி முடித்த பிறகு, அதிகாரி வந்தார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து, இடிந்த இடத்தில் ஏறி, ஒரே வீச்சில் திரும்பிப் போனது. அதிகாரிக்கு உயிர் வந்துவிட்டது.

"தப்புதான்மா. ஆனா பஸ் எவ்வளவு சுலபமாத் திரும்புது பாருங்க! திட்டத்தையே இந்தச் சுவருக்கு நேரா மாத்திடறேன். வரிசை முழுக்க இடிச்சா ரோடு ஒரே சீரா இருக்கும்."

வரிசை முழுக்க என்றால் என் கடையும்தான்.  அடுத்த வீட்டு செங்கம்மா தலையிலடித்துக்கொண்டாள். "ஒன் காவியால எங்க வூடெல்லாம் போச்சேடி, பாவி!"

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜெயம்மா எழுந்தாள்.

"பஸ்ஸு திரும்ப எடம் வேணும், அவ்ளோதானே? என் எடம் ஒண்ணே பத்தாதா?"

"பத்தும். ஆனா அது நீங்களா விரும்பிக் கொடுத்ததா இருக்கணும்" என்றார் அதிகாரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"குட்த்தேன்னே எழுதிக்கோ. இவங்க செவுத்துல மட்டும் கைய வெச்சே, அப்புறம் இருக்குது ஒனக்கு!"

"அக்கா, வேணாம்! துன்ற சோத்த குடுத்துட்டு இன்னா பண்ணுவே?" என்று கத்தினேன்.

"சும்மா இர்றா" என்று சொல்லி, அதிகாரி எழுதி நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தாள். செங்கம்மா அவள் காலில் விழப் போனாள்; ஜெயம்மா அவளைத் திட்டி விரட்டினாள்.

படுக்கிற அறையிலேயே அடுப்பு மூட்டிப் பின்சந்தில் இட்லி விற்றாள். அந்தச் சந்துக்கு யாத்ரீகர் யார் வருவார்கள்? முன்பக்கம் தார் போட்டு பஸ் நிறுத்தமும் வந்துவிட்டது. ஒருநாள் காலை கண்டக்டர் ஒருவன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு தெலுங்கில் கூவினான்: "ஜெயம்மா இல்லு! ஜெயம்மா இல்லு! திகண்டி, திகண்டி!"

சந்திலிருந்து ஜெயம்மா ஓடி வந்தாள்.

"எங்கடா கீது என் வூடு? ஜெயம்மா வூடு, எறங்குன்னு கூவிக்கினு கீறியே, காட்றா பாக்கலாம்!"

கிழவி விளையாடுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான், விசில் ஊதினான். அவள் அடுப்பு இருந்த இடத்தின் மேல் பஸ் திரும்பிப் போனது.