அஷ்டமியில் வந்த கண்ட்ரோலர்

பேட்டரி ஆட்டோவின் மீது ஈஸ்வரிக்கு இருந்த பாசமெல்லாம் தேனி ஒர்க்‌ஷாப்பின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே தேய்ந்துபோனது.

போடிமெட்டிலிருந்து எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப்பு ஒன்று, முந்தல் பக்கம் அவள் வண்டியின் மூக்கில் முட்டிவிட்டது. நெளிந்த தகரத்தைப் போடியிலேயே தகரப் பட்டறைக்கார எபினேசர் தட்டி நிமிர்த்திவிட்டார். ஆனால் மோட்டாரை இயக்குகிற கண்ட்ரோலர் பெட்டி உடைந்திருந்தது. அது கம்பெனியிலிருந்துதான் வரவேண்டும், கடைத்தெருவில் கிடைக்காது. அது இல்லாமல், தேனிக்குக் கட்டி இழுத்துப் போய்ப் போட்ட வண்டி வெறும் அம்மிக்கல்.

ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் ராஜாராமுக்குத் தெரிந்தது ஒரே பதில்தான்.

"வந்துக்கிட்டே இருக்குக்கா."

வந்துகொண்டேதான் இருந்தது. ராமேஸ்வரத்தில் மணலெடுத்து, காசிக்குப் போய்க் கரைத்து முங்கி, திரும்பும் வழியில் கல்யாணமும் முடித்துப் பிள்ளைக்கு மொட்டை போட்டுக்கொண்டிருக்கும் என்று ஈஸ்வரி கரித்துக்கொட்டினாள். வண்டிக்கடியில் பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போட்டுவிட்டதாகத் தெருவெல்லாம் சொன்னாள். ராஜாராமே ஒருநாள் குனிந்து பார்த்தானாம்.

ஏலக்காய்க் கிட்டங்கிக்குக் காய் பிரிக்கப் போகும் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயந்திரம் கூட்டிவருவதுதான் அவள் பிழைப்பு. இப்போது அவர்களைச் சிவக்குமார் தன் டீசல் ஆட்டோவில் அள்ளிக்கொண்டு போனான். அங்கேயே பழகிவிட்டால் திரும்ப மாட்டார்கள். மூத்தவளான கருப்பம்மாள் மட்டும் அவளை எங்கே பார்த்தாலும் புலம்பினாள்.

"வெரசா வண்டிய எடுத்துட்டு வா ஆத்தா. சேலையெல்லாம் டீசல் நாத்தம். காய் வாசம் கெட்டுப்போகுதுன்னு மொதலாளி எங்களத் தள்ளி ஒக்காரச் சொல்றாரு."

ஒருவழியாகப் பெட்டி வந்து சேர்ந்தது. ஈஸ்வரி பஸ்சு பிடித்து ஓடினாள். பிரிக்கப்போகும் நேரத்தில் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் கண்ணில் பட்டது. அஷ்டமி. அவள் வீட்டில் அஷ்டமியன்று புது விளக்குமாறுகூட எடுக்கமாட்டார்கள்.

"இன்னைக்கு வேணாம் தம்பி. நாளைக்கு நவமி. தசமிக்கு மாட்டிக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தசமியன்று மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் போய் நின்றால், பெட்டியைக் காணோம். அதே உடைசலோடு காத்துக்கிடந்த கம்பம் ஊர் வண்டி ஒன்றில் அதை மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

"நீங்கதானக்கா வேணாம்னீங்க" என்றான் ராஜாராம்.

அவன் மூஞ்சியில் துப்புவதா, கம்பெனியின் மேலா, காலண்டரின் மேலா, இல்லை தன் மேலேயேவா என்று அவளுக்கு விளங்கவில்லை. வண்டிக்கு வாங்கிய எலுமிச்சம்பழத்தை வீட்டில் பிழிந்து குடித்தாள். அதுவும் கசந்தது.

மறுபடி நாற்காலி, மறுபடி 'வந்துக்கிட்டே இருக்கு'. அடுத்த பெட்டியும் சொல்லிவைத்தாற்போல் அடுத்த அஷ்டமியன்றே வந்தது, அதுவும் ராகு காலத்தில். ராஜாராம் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினான்.

"தசமிக்கு வர்றீங்களாக்கா?"

"பேசாம மாட்டு தம்பி. எமகண்டமும் கூட வந்தா வரட்டும்."

மறுநாள் காலையில் பெண்களை ஏற்றும் இடத்துக்கு அவள் வண்டியோடு போனபோது பெண்கள் எல்லாரும் சிவக்குமாரின் வண்டியில் ஏறிவிட்டார்கள்.

"என்னக்கா, நல்ல நாள் பாத்துத்தான எடுத்த?" என்று அவன் சத்தமாகக் கேட்டான்.

"அஷ்டமியில மாட்டி நவமியில எடுத்துட்டு வந்திருக்கேன். ஏறுறவ ஏறுங்க."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிவக்குமார் வண்டியை உறுமவிட்டான். பின்னால் குபுகுபுவென்று கிளம்பிய புகைக்குள் இருமிக்கொண்டே கருப்பம்மாள் தூக்குவாளியோடு இறங்கினாள்.

"அஷ்டமி நாறாதுல்ல" என்று சொல்லி, ஈஸ்வரியின் வண்டியில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் முனகிக்கொண்டே மாறினார்கள்.

போகும் வழியில் எதிரே ஒரு ஜீப்பு வந்தது. ஈஸ்வரி வண்டியை ஓரங்கட்டி, அது கடந்து கண்ணுக்கு மறையும்வரை அசையவில்லை. பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரப் போவது அவர்களா என்ன?