கணவர் ஏறிப்போன பஸ்

திருமணமான புதிதில், மத்திய அமெரிக்க நாடுகளை முதுகுப் பைகளோடு சுற்றிவர நானும் கணவரும் பலெர்மோவிலிருந்து புறப்பட்டோம். அவரிடம் இத்தாலியக் கடவுச்சீட்டு இருந்தது. என்னிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு.

குவாத்தமாலாவிலிருந்து ஹொண்டுராஸுக்குள் நுழையும் எல்லையில் அவருக்கு உடனே முத்திரை குத்திக் கொடுத்தார்கள். என் கடவுச்சீட்டை வாங்கிய அதிகாரி அதோடு உள்ளே போய்விட்டார். வெளியே எங்கள் பஸ்காரர் விடாமல் ஹோர்ன் அடித்தார்.

"நீர் அடுத்த பஸ்ஸிலை வாரும். ரெண்டு பேரும் இஞ்சை நிண்டு என்ன செய்யிறது?" என்றார் கணவர்.

"எனக்கு இவையின்ரை பாஷை தெரியாதப்பா. விட்டிட்டுப் போகாதேங்கோ."

"சின்னப்பிள்ளை மாதிரிக் கதைக்காதையும்" என்றபடி ஏறிவிட்டார். என் பையும் அதே பஸ்ஸில் போனது.

அடுத்த பஸ் வரவேயில்லை. கடவுச்சீட்டு கைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு லொறிக்காரரின் பக்கத்தில், கதவுப் பிடியை விடாமல் மலைப்பாதையைக் கடந்தேன். பாவம், அந்த மனிதர் குடிக்கத் தண்ணீர் நீட்டினார். பயத்தில் நான் வாங்கவில்லை.

நாங்கள் முன்பே பதிந்து வைத்திருந்த விடுதியில் கணவர் குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். "பாத்தீரோ, ஒண்டும் நடக்கேல்லை" என்றார்.

பலெர்மோவின் ஒரேத்தோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். "நான் இல்லாட்டி இவவுக்கு உலகமே தெரிஞ்சிராது" என்று முடிப்பார். தேத்தண்ணி பரிமாறியபடி நானும் சிரிப்பேன்.

அவரோடுதான் வாழ்கிறேன். ஆனால் போன மாரியில் காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தபோது, பக்கத்து அறையில் இருந்த அவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.