அக்கா கொடுத்த முகவரி

ஆஸ்பத்திரி அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலுக்கு நேராக நிற்கமாட்டார். சுவரோரம் ஒதுங்கி நின்று, ஒருமுறை இருமி, யார் இருக்கிறீர்கள் என்று கேட்பார். உள்ளே இருப்பவர்கள் தலையை முடிந்துகொள்ள, சட்டையை மாட்டிக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டுத்தான் முகம் காட்டுவார். ஒற்றை அறை வீட்டில் வாசலுக்கு நேராக நின்றால் எல்லாமே தெரிந்துவிடும். பல வருஷமாகத் தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். நோய் பரவிய வருஷம் குடைக் காம்பால் சுவரைத் தட்டத் தொடங்கினார். "இப்ப நான் இருமினா நீங்க சந்தக் காலி பண்ணிட்டு ஓடிருவீங்க" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவர் சமூகப் பணியாளர். ஒப்பந்த வேலை. மருந்துக்கு வழியில்லாதவர்களுக்கு வழி செய்வார். டாக்டர் சொன்னதை நமக்குப் புரியும்படி சொல்வார். என்னைப் போன்ற வாயில்லாப் பூச்சிகளுக்காக டாக்டரிடம் அவரே பேசுவார்.

எங்கள் சந்து பட்டறைகளுக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டி இருக்கிறது. அரசாங்க இடம் என்பதால் வீடுகளுக்கு எண் கிடையாது. மூச்சுத் திணறுகிறது என்று அவசர வண்டிக்குப் போன் செய்தால் முதல் கேள்வியே கதவு எண் என்ன என்பதுதான். அதைச் சொல்லாவிட்டால் வண்டி கிளம்பாது, ஆஸ்பத்திரியில் கட்டிலும் ஒதுக்கமாட்டார்கள். மெயின் ரோட்டு மாடி வீடுகளுக்கு வந்த வண்டி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வெல்டிங்காரரின் மனைவி அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு, எங்களில் யார் படுத்தாலும் அக்கா தன் வீட்டு முகவரியைக் கொடுக்க ஆரம்பித்தார். நோயாளியை அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவோம். வண்டி அங்கே வரும். அக்காவின் கணவர் லாரி டிரைவர். "இத்தன பேரு என் வீட்ல குடியிருக்கீங்க, ஒருத்தராவது வாடகை குடுத்தீங்களா?" என்று கேட்பார். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ஒரே வீட்டில் எப்படி இத்தனை நோயாளிகள் என்று சுகாதார அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்தது. ஆட்கள் வந்து, நோய் வீடு என்று அக்கா வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடினார்கள். இன்னொரு முறை பொய் முகவரி வந்தால் வேலை இருக்காது என்று ஆஸ்பத்திரி மேலதிகாரி அக்காவை எச்சரித்தாராம்.

அந்த வாரத்தில்தான் என் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், எழுந்து நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்து கிடந்தார். நான் துணி தைத்துக் கொடுக்கும் மாடி வீட்டம்மாவிடம் போய், அவர் முகவரியைச் சொல்லிக்கொள்ளலாமா என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அந்தம்மா கோபப்படவில்லை. "உன் கஷ்டம் புரியுதும்மா. நாளைக்கு எங்க வாசல்லயும் தகரம் அடிச்சிட்டா நாங்க என்ன பண்றது?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

அக்காவுக்குப் போன் செய்தேன். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவரே புரிந்துகொண்டார்.

"தள்ளுவண்டில வச்சு இங்க கூட்டிட்டு வா. கேட்டா என் கூடப் பொறந்தவருன்னு சொல்லு."

"வேலை போயிடும்னாங்களேக்கா?"

"மொதல்ல அவரக் கொண்டு வா. அத அப்புறம் உக்காந்து அழுதுக்கலாம்."

தகரத்துக்கு வெளியே அண்ணன், உள்ளே அக்கா. வண்டி வரும்வரை இடுக்கு வழியாக அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தார். கூடப் பிறந்தவர் என்றதால் யாரும் துருவவில்லை. கட்டில் கிடைத்தது.

ஆக்சிஜனோடு சில நாள் தாக்குப்பிடித்தார். இறந்துபோன செய்தி அக்காவின் போனுக்குத்தான் வந்தது. பதிவில் அவர்தானே தங்கை. அவர் சொல்லி நாங்கள் ஓடிப்போவதற்குள் உடலை ஆஸ்பத்திரிக்காரர்களே எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டார்கள். அண்ணி கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை.

நோயில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு உதவித்தொகை என்று பிறகு அறிவித்தார்கள். அண்ணனின் இறப்புச் சான்றில் இருந்தது அக்காவின் முகவரி. அங்கே குடியிருக்காத உங்களை எப்படி மனைவி என்று நம்புவது என்று அண்ணியைத் திருப்பி அனுப்பினார்கள். முகவரி பொய் என்று அக்கா எழுதிக் கொடுத்தால்தான் வழி பிறக்கும். அண்ணிக்குக் கேட்க மனம் வரவில்லை. "உசுரு பொழைக்கட்டும்னு பொய் சொன்னவங்கள நாமளே காட்டிக் குடுக்கறதா?" என்றார். என்னாலும் கேட்க முடியவில்லை. விஷயம் காதுக்குப் போய், அக்கா தானாகவே எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அக்கா இப்போது ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறார். ஆஸ்பத்திரியில் அவர் இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை. அண்ணி என்னோடு இருக்கிறார். அவருடைய மனு விசாரணையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளுக்கு எண் இன்னும் தரவில்லை.