குரங்குக் குல்லா போட்ட செடி

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மல்லிகா பௌதியோடு சண்டை போட்டேன். பௌதி என்றால் இங்கே வங்காளத்தில் அண்ணி. பதினோரு வருடப் பழக்கம். சண்டை ஒரு செடிக்காக.

போன வருடம் காலிம்போங் நர்சரி ஒன்றில் வைபர்னம் பார்த்தேன். புதர் முழுக்கப் பந்து பந்தாக வெள்ளைப் பூ. மலையில் பூப்பதை எங்கள் பெஹாலா வீட்டு மொட்டை மாடியில் பூக்க வைப்பேன் என்று வாங்கி வந்தேன். யார் சொல்லிக் கேட்டேன்? நர்சரிக்காரர் ஒன்றுதான் சொன்னார்: குளிர்காலம் முழுக்க வெளியிலேயே இருக்க வேண்டும், குளிர் பட்டால்தான் பூக்கும்.

நவம்பர் கடைசியில், செடியை அழகாகக் கத்தரித்து, பௌதியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு மாதம் மதுரை போனேன்.

திரும்பி வந்தால்... செடி அவர்கள் படுக்கையறையில். ஜன்னல் சாத்தியிருக்கிறது. தொட்டியைச் சுற்றி சால்வை. உச்சியில் குரங்குக் குல்லா.

“டாண்டா லேகே ஜாபே” என்றார் பௌதி. குளிர் பிடித்துவிடுமாம். செடிக்கு.

இந்த ஊரை என்ன சொல்ல? ஃபேனை நிறுத்திய மறுநாளே மஃப்ளர் தேடுகிற ஊர். பனிமலைச் செடிக்கே கம்பளி போர்த்துகிற ஊர். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கி வந்தேன். ஏப்ரலும் வந்தது. இலை உண்டு, பூ ஒன்றுகூட இல்லை. ஞாயிறன்று வெடித்துவிட்டேன். “உங்க ஊர்க்காரங்களுக்குக் குளிர்னா என்னன்னே தெரியாது” என்று வங்காள மொழியிலேயே கத்தினேன். பௌதி கதவைச் சாத்திக்கொண்டார்.

சித்திரை முதல் நாள் பாயசத்துக்கு வருடா வருடம் முதலில் வருகிறவர் அவர்தான். இந்த வருடம் வரவில்லை. தூக்கு நிறையப் பாயசம் அப்படியே இருந்தது. எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

ஆனாலும் ரோஷம் விடுமா? என் பக்க நியாயத்துக்குச் சாட்சி தேடி நர்சரிக்காரருக்கு போன் போட்டேன். குல்லா கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்:

“நவம்பர்ல கத்தரி வெச்சீங்களா, மேடம்?”

“ஆமா. நல்லா, ஒரே மட்டமா.”

“அடுத்த வருஷப் பூமொட்டு அந்தக் கிளை நுனியிலதான் இருந்துச்சு. பூத்து முடிஞ்ச உடனேதான் வெட்டணும். மொட்டையெல்லாம் நீங்களே வெட்டிப் போட்டுட்டீங்க.”

போனை வைத்தேன். ஒரு ஊரையே திட்டித் தீர்த்த மகா தோட்டக்காரி நான்!

பாயசத்தை மறுபடி சுட வைத்திருக்கிறேன். பௌதி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். நல்லவேளை, குரங்குக் குல்லா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது... போட்டுக்கொண்டால் முகம் முக்கால்வாசி மறையும்.