சாக்குக்கு அடியில் இருந்த அம்புகள்

நேற்று பீரோவை ஒழித்தபோது ஒரு பழுப்புக் காகித உறை கையில் சிக்கியது. திறந்ததும் ஏலக்காய் வாசம். இத்தனை வருஷம் கழித்து வாசம் இருக்குமா என்று நீங்கள் சந்தேகப்படலாம். சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது, நானும் இரண்டு தடவை மோந்து பார்த்தேன்.

எண்பதுகளின் கடைசி. ஒருவகைச் செப்பு ஆக்சைடில், அதுவரை தேவைப்பட்ட கடுங்குளிர் இல்லாமலே மின்சாரம் தடையின்றி ஓடுகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஏன் ஓடுகிறது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. சென்னையில் ஆராய்ச்சி மாணவனாயிருந்த நான், அடுக்கடுக்கான அந்தப் பொருளின் ஓர் அடுக்கைக் கட்டம் கட்டமாக வரைந்து, அணுக்களின் குட்டிக் காந்தங்களை மேலொன்று கீழொன்றாக அம்புக்குறியிட்டுக் கணக்குப் போட்டேன். பாதி வந்துவிட்டது. அதே துறையில் ஆராய்ச்சி செய்த அறைத்தோழன் சேகர் எட்டிப் பார்க்கிறானோ என்று தோன்றியதும், மூட்டை கட்டிக்கொண்டு குரங்கணிக்கு மேலே மலைத்தோட்டத்தில் மாமாவின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு வந்துவிட்டேன்.

மாமா கட்டங்களைப் பார்த்தார். தோட்டத்தில் என் அம்மாவுக்கும் பங்கு உண்டு. பாகம் பிரிக்கத்தான் படம் போடுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். வாய்விட்டுக் கேட்கவில்லை. ஸ்டோரில் வேலை முடிந்து போகிறவர்கள் வாசலில் மடியை உதறி, பையைத் திறந்து காட்ட வேண்டும். அன்றிலிருந்து எனக்கும் அதுதான்.

"கோவிச்சுக்காத மாப்ளே, எல்லாருக்கும் உள்ள சோலிதான்."

மனுஷன் இப்படியா சந்தேகப்படுவார் என்று எனக்கு வந்ததே எரிச்சல்!

பத்தாம் நாள் சேகர் ஜீப்பில் வந்து இறங்கினான். என் தாள்களை அவசரமாக ஏலக்காய்ச் சாக்குக்கு அடியில் தள்ளினேன். அவனோ தன் தாள்களையெல்லாம் என் முன்னால் பரப்பி, ஓரிடத்தில் இடிக்கிறது, பாருடா என்றான். அதே கட்டம், அதே அம்பு. நான் சிக்கி நின்ற இடத்தை அவன் தாண்டியிருந்தான். அவன் சிக்கிய இடத்துக்கு விடை சாக்குக்கு அடியில் இருந்தது. முகத்தில் ஏதும் தெரிந்துவிடுமோ என்று, அவன் எப்படித் தாண்டினான் என்பதைச் சரியாகக்கூடப் பார்க்காமல், தெரியாது, நான் ஒன்றுமே எழுதவில்லை என்றேன்.

கிளம்பும்போது மாமா அவன் பையையும் திறக்கச் சொன்னார். தாள்களைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவரும் நம்ம தோட்டத்தத்தான் வரஞ்சிருக்காரு. நீ சாக்குக்கு அடியில வச்சிருக்கியே, அதேதான மாப்ளே?"

சேகர் கோபப்படவில்லை. "சொல்லியிருந்தா சேர்ந்தே எழுதியிருக்கலாம்டா" என்றான். ஜீப்பில் ஏறிவிட்டான். 

சில மாதங்களில் இரண்டு பாதியும் சேர்ந்த கட்டுரை வெளிநாட்டிலிருந்து வந்தது. அங்கே யாரோ இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தார்கள். சேகர் பேங்க் வேலைக்குப் போனான், என் கடிதங்களுக்குப் பதில் இல்லை. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி. என் தாள்கள் மட்டும் அந்த உறைக்குள் ஒன்று குறையாமல் இருக்கின்றன. யாரும் திருடவில்லை.