ராசிக்கையும் கழுவாத அச்சும்

சூடேறிய இரும்பு அச்சை மாவில் முக்கியதும் ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம் எழும். கூடவே தேங்காய்ப்பால் தீயும் வாசம் வரும். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் கூட்டுக்குடும்பத்தில் கல்யாணம் நெருங்கிவிட்டதென்றும், அத்தை ஒரு வாரத்துக்கு அடுப்பை விட்டு எழ முடியாதென்றும் அதற்குப் பொருள்.

அச்சு முறுக்குக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, தேங்காய்ப்பால், சர்க்கரை, எள் சேர்த்துக் கரைக்க வேண்டும். அச்சு எண்ணெயிலேயே காய்ந்து, மாவில் முக்கால் பங்கு மட்டும் முங்க வேண்டும். மேல் விளிம்பு மூழ்கினால் முறுக்கு கழலாது. வெல்லம் போட்டால் சீக்கிரம் சிவக்கும். கேழ்வரகு மாவானால் எடுக்கும்போதே உடையும். முட்டை மொறுமொறுப்பைக் கூட்டும், ஆனால் கல்யாணப் பலகாரத்தில் அதற்கு இடமில்லை.

இவ்வளவும் தெரிந்த பெரியம்மா பிடித்தால் முறுக்கு அச்சிலேயே ஒட்டும். அப்பாவின் தங்கையான அத்தை பிடித்தால் மட்டும் ஒட்டாது. அதற்கு ‘ராசிக்கை’ என்று பெயர் வைத்து, அவரை அடுப்படியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பதினோரு வயதானபோது, சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதாக அத்தைக்குக் கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும். பெரியப்பா மகன் கல்யாணமோ வெள்ளிக்கிழமை.

“அவ போயிட்டா அச்ச யாரு புடிக்கறது? சம்மந்தி வூட்டுல சிரிப்பாங்க. அடுத்த வருசம் போய்க்கலாம்” என்றார் பெரியப்பா. அத்தை அடுத்த முறுக்கைத் தட்டினார்.

அந்த ராசியின் ரகசியத்தை நான் பார்த்திருந்தேன். சாமிக்குப் படைக்கிற பலகாரமென்று மற்றவர்கள் தங்கள் அச்சைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்ப்பார்கள். அத்தை அசதியில் தன் அச்சை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துவிடுவார். அதில் படிந்த எண்ணெய்தான் மாவை ஒட்டவிடாது.

“அத்தை அச்ச கழுவறதே இல்லீங்க பெரியப்பா” என்றேன்.

“கழுவாத அச்சுலயாடி இத்தன வருசம் சாமிக்குப் படைச்சோம்!” என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அத்தையின் முகம் வெளுத்தது. நான் அத்தையின் அச்சை வாங்கி, காயவைத்து, முக்கால் பங்கு முக்கி எடுத்தேன். முறுக்கு தானாக நழுவி எண்ணெயில் மிதந்தது. பத்துச் சுட்டேன், பத்தும் கழன்றன.

விஷயம் புரிந்துவிடும் என்று நம்பினேன். பெரியம்மாவோ, “பாருங்க, ராசி இந்தப் புள்ள கைக்கு வந்துடுச்சு” என்றார். ஞாயிறு காலை அத்தை சேலம் பஸ் ஏறினார். அவர் உட்கார்ந்திருந்த பலகையில் நான் உட்கார்ந்தேன். என் கல்யாணம் வரைக்கும் எழவில்லை. பெரியம்மா கடைசிவரை தன் அச்சைச் சாம்பல் போட்டுத்தான் தேய்த்தார்.

இன்று அந்த அடுப்படியும் இல்லை, அத்தையும் இல்லை. நான் இப்போது இருக்கும் தருமபுரி மகன் வீட்டில் உள்ளது, மாவை ஊற்றி மூடினால் கட்டம் கட்டமாக அப்பம் வேகும் மின்சார வாஃபிள் இயந்திரம். மைதாவோடு கொஞ்சம் அரிசிமாவு சேர்த்தால் மொறுமொறுப்பாக வரும், கேழ்வரகு மாவைக் கரைத்துக் கால் மணி ஊறவிட வேண்டும், ஆவி அடங்குமுன் மூடியைத் திறக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுத் திறந்து இரண்டாகக் கிழித்துவிட்டு, “நீங்க ஊத்துனாதாம்மா பிய்யாம வருது” என்கிறான் மகன்.

அன்றைக்கு அத்தையின் கையிலிருந்து அச்சை வாங்க நான் இருந்தேன். இந்த வீட்டில் கரண்டிக்குக் கை நீட்டுகிறவர் யாருமில்லை, தட்டுகள்தாம் நீள்கின்றன.